மலைநாட்டு இறக்கத்தில் ட்ரெய்லர் இழுக்க: டீசல் கெப்பா, பெற்றோல் கெப்பா?

லைட்செற்_கொட்டாஞ்சேனை:

வணக்கம். கொட்டாஞ்சேனையில் லைட், சவுண்ட், ஜெனரேட்டர் வாடகைக்குக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். கோயில் திருவிழா, கலியாண வீடு, கடைத் திறப்பு என்று ஓட்டம். 25 கேவீஏ ஜெனரேட்டர் ஒன்றை இரண்டு சில்லு ட்ரெய்லரில் பூட்டி வைத்திருக்கிறேன், எல்லாம் சேர்த்து 1,500 கிலோ வரும். கொழும்புக்குள்ளும் நீர்கொழும்புப் பக்கமும் இழுப்பதில் ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் மாசி மகத்துக்கு மாத்தளை, ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா என்று வருடத்தில் ஏழெட்டுத் தடவை மலை ஏறவேண்டி வருகிறது.

போன ஏப்ரலில் நடந்ததைச் சொல்கிறேன். நுவரெலியாவில் வேலை முடித்து விடியப்புறம் கம்பளை வழியாக இறங்குகிறோம். பழைய டீசல் கெப், நாலாவது கியரில் விட்டு பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தேன், எப்போதும் அப்படித்தான் வருவேன். றம்பொடை முடக்குகளைத் தாண்டும்போது கருகல் வாடை. கொஞ்ச நேரத்தில் பெடல் கீழே போக ஆரம்பித்தது, ஒரு முடக்கில் மிதித்தால் பஞ்சுத் தலையணையை மிதித்த மாதிரி இருந்தது, பிடிக்கவேயில்லை. பின்னாலிருந்து ட்ரெய்லர் தள்ளுகிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரைப் பலவந்தமாக இரண்டுக்குப் போட்டு, மலைப் பக்கத்துக் கானுக்குள் சில்லை இறக்கித்தான் நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் முன் சில்லு இரண்டிலும் புகை. என்னோடு வந்த பையன் தண்ணீர்ப் போத்தலோடு ஓடினான், எதிரே தேநீர்க் கடை வைத்திருந்த ஐயா வந்து அவன் கையைப் பிடித்துவிட்டார். "ஊத்தாத தம்பி, டிஸ்க் வெடிச்சிரும், சும்மா ஆற விடு" என்றார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அங்கேயே இருந்தோம். பையனுக்கு 19 வயது. அவனுடைய அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போதும் இரவில் நினைவு வருகிறது.

சரி, கெப்பை மாற்றப் போகிறேன். கையில் இரண்டு வாய்ப்பு இருக்கிறது. ஒன்று 2.8 டீசல் ஹைலக்ஸ், ஒட்டோ கியர். மற்றது 2.7 பெற்றோல் ஹைலக்ஸ், மெனுவல், விலை கணிசமாகக் குறைவு. எரிபொருள் செலவுக் கணக்கை நான் போட்டுவிட்டேன், அதை விடுங்கள். எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: இறக்கத்தில் எது வண்டியைப் பிடிக்கும்? ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

வெள்ளவத்தை_வேன்:

யோசிக்கவே வேண்டாம், டீசல்தான். டீசலில் கம்பிரெஷன் 16 வரும், பெற்றோலில் 10 தான். கம்பிரெஷன் கூடினால் எஞ்சின் சுற்றுவது கஷ்டம், அதனால் காலை எடுத்தவுடன் பிடித்துக்கொள்ளும். லொறி, பஸ் எல்லாம் டீசலாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

பஞ்சிகாவத்தை_பாஸ்:

வெள்ளவத்தைத் தம்பி சொன்னதைத்தான் நாட்டில் முக்கால்வாசிப் பேர் நம்புகிறார்கள். நானும் கராஜில் சேர்ந்த புதிதில் நம்பினேன். அது பிழை, கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது விளங்கினால் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

காற்றை அமுக்குவதற்கு எஞ்சின் சக்தி செலவழிக்கிறது, உண்மை. ஆனால் அமுங்கிய காற்று என்ன செய்யும்? பிஸ்டன் மேலே போய்த் திரும்பும்போது அதே காற்று ஸ்பிரிங் மாதிரி அதைக் கீழே தள்ளிவிடும். கொடுத்த சக்தியில் பெரும்பங்கு திரும்பி வந்துவிடுகிறது. கம்பிரெஷன் 16 ஆனாலும் 20 ஆனாலும் இதுதான் கதை. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அமுக்கிவிட்டுக் கையை விட்டுப் பாருங்கள், பிடி தானாகத் திரும்பி வரும்.

பெற்றோல் எஞ்சினில் பிடிப்பது கம்பிரெஷன் அல்ல, த்ரொட்டில். அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்ததும் காற்று வரும் வழியில் இருக்கிற தகடு மூடிக்கொள்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்று கிடைக்காமல் வெற்றிடத்தை எதிர்த்து இழுக்கவேண்டும். அடைத்த ஸ்ட்ரோவில் இளநீர் உறிஞ்சுகிற மாதிரி. ஒவ்வொரு சிலிண்டரும் மாறி மாறி இப்படி மூச்சுத் திணறுவதுதான் வண்டியைப் பிடிக்கிறது. டீசலில் அப்படி மூடி நிற்கும் தகடு கிடையாது. புதிய கொமன் ரெயில் எஞ்சின்களில் ஒரு தகடு இருக்கும், அது புகையைக் குறைக்கிற வேலைக்கும் எஞ்சினை நடுக்கமில்லாமல் நிறுத்துவதற்கும். டீசல் முழுக் காற்றையும் தாராளமாக உள்ளே எடுத்து, அமுக்கி, திரும்ப வாங்கிக்கொள்கிறது. காலை எடுத்தால் டீசல் மட்டும்தான் நிற்கும், காற்று நிற்காது. பாகங்கள் உரசுவதால் கொஞ்சம் பிடிக்கும், டீசலின் பாகங்கள் கனமானவை, அதனால் அந்த உராய்வு பெற்றோலைவிடக் கூட. அவ்வளவுதான்.

அப்படியென்றால் லொறி எப்படி இறங்குகிறது? அதற்குத்தான் எக்ஸோஸ்ட் பிரேக். எல்ஃப், கென்டர் லொறி ஓட்டினவர்களுக்குத் தெரியும், ஸ்டியரிங் பக்கத்துக் கம்பியை இழுத்தால் உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும், உடனே முதுகு முன்னால் தள்ளும். புகைக் குழாயில் இருக்கும் வால்வு மூடிக்கொள்கிறது, பிஸ்டன் கழிவுக் காற்றை வெளியே தள்ளமுடியாமல் அமுக்கத்தோடு போராடுகிறது. வெற்றிடத்தை வைத்துப் பிடிப்பதற்கு ஒரு எல்லை உண்டு, வளிமண்டல அழுத்தம் ஒரு பார், அதற்கு மேல் எவ்வளவு உறிஞ்சினாலும் கிடைக்காது. புகைக் குழாயை அடைக்கும்போது மூன்று நாலு பார் வரை ஏறும். டீசலுக்கு இந்தச் சாமானைப் பூட்டிவிட்டால் பெற்றோல் கிட்டவே வராது. பூட்டாவிட்டால் பெற்றோல் கொஞ்சம் முந்தும்.

பெரிய லொறிகளில் இன்னொரு வகை இருக்கிறது, ஜேக் பிரேக் என்பார்கள். அமுக்கின காற்று ஸ்பிரிங் மாதிரித் திரும்பித் தள்ளுகிறது என்று சொன்னேன் அல்லவா, அது தள்ளுவதற்கு முன்னால், பிஸ்டன் உச்சிக்கு வந்த நேரத்தில் எக்ஸோஸ்ட் வால்வைத் திறந்து காற்றை வெளியே விட்டுவிடுவது. செலவழித்த சக்தி திரும்பி வராது. இதைக் கண்டுபிடித்தவர் கம்மின்ஸ் எஞ்சின் கம்பனியை ஆரம்பித்த கிளெஸி கம்மின்ஸ். 1931 இல் அவர் ஒரு டீசல் லொறியில் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கும்போது பிரேக் வெந்து போய்விட்டது, கீழே ரயில் கடவையில் ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது, கடைசிப் பெட்டி கடந்தபிறகு மயிரிழையில் தப்பினார். அந்தப் பயம் மனதை விட்டுப் போகாமல் பிற்காலத்தில் இதை வரைந்தார், ஜேகப்ஸ் கம்பனி 1961 இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உங்கள் றம்பொடைக் கதையை வாசித்ததும் எனக்கு அந்த மனிதர்தான் ஞாபகம் வந்தார்.

இப்போது உங்கள் கெப்புக்கு வருகிறேன். 2.8 டீசல் ஹைலக்ஸுக்குக் கம்பனியிலிருந்து எக்ஸோஸ்ட் பிரேக் வருவதில்லை. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹட்டன்_றோட்_லொறி:

பாஸ் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் பேலியகொடையிலிருந்து ஹட்டன், தலவாக்கலை ஓடுகிறவன், மேலே போகும்போது அரிசி, சீனி, இறங்கும்போது மரக்கறி. 23 வருடம்.

பழைய ஆட்கள் சொல்லித் தந்த பாடம் ஒன்று இருக்கிறது: ஏறின கியரிலேயே இறங்கு. எங்களுடைய பழைய லொறிகளுக்கு அது சரி. கினிகத்தேனை ஏற்றத்தில் இரண்டாவதைத் தவிர வேறு எதிலும் ஏறாது, அதனால் இரண்டாவதில் இறங்கினோம், தப்பினோம். ஆனால் இந்தப் புது டர்போ டீசல் கெப்புகளுக்கு அந்தப் பாடம் பொருந்தாது, தம்பி. இவை அதே ஏற்றத்தை நாலாவது கியரில் சிரமமில்லாமல் ஏறிவிடும். ஏறினது நாலாவதில்தானே என்று நாலாவதில் இறங்கினால் எஞ்சின் 1,500 சுற்றில் சும்மா சுற்றும், ஒன்றையும் பிடிக்காது, முழுப் பாரமும் பிரேக்குக்குப் போகும். உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். டர்போ டீசல் என்றால் ஏறின கியரிலிருந்து ஒன்று, ட்ரெய்லர் இருந்தால் இரண்டு கீழே. எஞ்சின் சத்தம் போடட்டும், 3,500 சுற்றில் கத்தினால் பயப்படவேண்டாம், மீற்றரில் சிவப்புக் கோட்டைத் தொடாமல் இருந்தால் சரி.

கியரை முடக்குக்குள் மாற்றாதீர்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே போட்டுவிடவேண்டும். வேகம் பிடித்தபிறகு கீழ்க் கியர் விழாது, விழாமல் நியூட்ரலில் நின்றுவிட்டால் முடிந்தது கதை.

இன்னொன்று, இதை எல்லாரும் வாசிக்கவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எண்ணெய் மிச்சம் பிடிக்கிறோம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 2022 இல் வரிசையில் நின்று கியூஆர் கோட் காட்டி லீற்றர் கணக்கில் டீசல் வாங்கின காலத்தில் இந்தப் பழக்கம் கூடிவிட்டது. எங்கள் லைனிலேயே ஒரு பையன் அப்படித்தான் வட்டவளைக்குக் கீழே தேயிலைக்குள் போனான், கால் இரண்டும் முறிந்தது. நடு முப்பதில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான்.

பஞ்சிகாவத்தை_பாஸ்:

அண்ணே சொன்ன நியூட்ரல் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். அதில் மிச்சமும் இல்லை. இன்ஜெக்‌ஷன் உள்ள பெற்றோல் வண்டியும் கொமன் ரெயில் டீசலும் கியரில் இறங்கும்போது, காலை எடுத்திருந்தால், எரிபொருளை முழுதாக நிறுத்திவிடும். சில்லுதான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க எரிபொருள் ஊற்றியே ஆகவேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குகிறவர்கள் அதைவிட மோசம், பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். பிறகு பெடல் கல்லாகிவிடும். பழைய டொயோட்டா டீசல்களில் அந்த வெற்றிடத்தைத் தருகிற பம்ப் டைனமோவின் முதுகில்தான் இருக்கிறது, எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

பிஸிக்ஸ்_டீச்சர்_வத்தளை:

நான் ஏ/எல் பௌதிகவியல் படிப்பிக்கிறேன், கணக்காகச் சொன்னால் தம்பிக்கு உதவும் என்று நினைக்கிறேன், அதுவும் ஜெனரேட்டர்காரருக்குக் கிலோவாட் கணக்கு புதிதில்லை.

கெப், சாமான், ஆட்கள், ட்ரெய்லர் எல்லாம் சேர்த்து 4 தொன் என்று வைப்போம். 8 வீதச் சரிவில், அதாவது 100 மீற்றர் போனால் 8 மீற்றர் இறங்குகிற றோட்டில், மணிக்கு 30 கிலோமீற்றரில் மாறாத வேகத்தில் இறங்க விடாமல் பிடிக்கவேண்டிய வலு சுமார் 26 கிலோவாட். டயர் உராய்வும் காற்றும் நாலு கிலோவாட் எடுத்துக்கொண்டாலும் 22 மிஞ்சும். உங்கள் 25 கேவீஏ ஜெனரேட்டர் முழு லோடில் தருவது 20 கிலோவாட். ஒரு திருவிழாப் பந்தல் முழுவதற்கும் வெளிச்சம் கொடுக்கிற சக்தி, இடைவிடாமல், முன் சில்லு இரண்டுக்குள்ளும் வெப்பமாக இறங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 4 தொன் 1,000 மீற்றர் இறங்கினால் வெளிவரும் சக்தி கிட்டத்தட்ட 39 மெகாஜூல். 20 பாகையில் இருக்கும் 115 லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம், அங்கிருந்து கம்பளைக்கு வரும்போது ஆயிரத்துக்கு மேலேயே இறங்கிவிடுகிறீர்கள்.

பெடல் பஞ்சு மாதிரிப் போனதற்குக் காரணம் பிரேக் ஒயில் கொதித்தது. டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை சென்ரிகிரேட்டுக்குக் குறையாமல் தாங்கவேண்டும் என்பது தரம், ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தபிறகு அந்த எல்லை 140 வரை இறங்கலாம். டொட் 4 க்கு அது 230, 155. கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழ், குமிழை அமுக்கலாம், திரவத்தை அமுக்கமுடியாது, அதனால்தான் பெடல் கீழே போனது. ஆறினபிறகு எல்லாம் சரியான மாதிரித் தெரிந்திருக்கும், அதை நம்பி அப்படியே ஓடாதீர்கள். கடைசியாக எப்போது ஒயில் மாற்றினீர்கள்?

வெள்ளவத்தை_வேன்:

பாஸ், டீச்சர், விளக்கத்துக்கு நன்றி, நான் இத்தனை வருடம் பிழையாக விளங்கியிருக்கிறேன். அப்போ இவர் பெற்றோல் கெப்பை வாங்குவதுதான் சரியா? விலையும் குறைவு, இறக்கத்திலும் கொஞ்சம் பிடிக்கும் என்கிறீர்கள். எங்கள் வீட்டு ஹைபிரிட் காரின் கியர் லீவரில் பி என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் ஹப்புத்தளை இறக்கத்தில் நன்றாகவே பிடிக்கிறது, அதுவும் பெற்றோல்தானே.

பஞ்சிகாவத்தை_பாஸ்:

ஹைபிரிட் வேறு கதை. முதலில் மோட்டர் பற்றரிக்கு சார்ஜ் ஏற்றிப் பிடிக்கும், பற்றரி நிறைந்ததும் பெற்றோல் எஞ்சினைச் சும்மா சுற்றவைத்துப் பிடிக்கும், அந்த நேரத்தில்தான் எஞ்சின் திடீரென்று கத்துகிறது என்று ஆட்கள் கராஜுக்கு வருவார்கள். ஒரு பிழையும் இல்லை. ஆனால் அதில் ஒன்றரைத் தொன் ட்ரெய்லரைக் கட்டமுடியாது.

பெற்றோல் கெப்பை வேண்டாம் என்பேன். 2.8 டீசல் ஒட்டோவில் 1,600 சுற்றிலிருந்தே 500 நியூட்டன் மீற்றர் திருகுவிசை கிடைக்கிறது. 2.7 பெற்றோலில் கிடைப்பது 245, அதுவும் 4,000 சுற்றுக்கு ஏற்றினால். பாதிகூட இல்லை. அதோடு பெற்றோலுக்கு டர்போ இல்லை, மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, நுவரெலியா உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு வலு போய்விடும். டர்போ உள்ளது அதைச் சமாளிக்கும். றம்பொடை ஏற்றத்தில், மழையில், பின்னால் பஸ் ஹோன் அடிக்க, முடக்கின் நடுவில் இரண்டாவது கியரும் இழுக்காமல் முதலாவதுக்கு மாற்றி, கிளட்ச் கருக நிற்பது இறக்கத்தைப் போலவே ஆபத்து. பின்னால் உருள ஆரம்பித்தால் ட்ரெய்லர் கத்திரி மாதிரி மடங்கும்.

இறக்கத்தில் பெற்றோலுக்கு இருக்கும் சின்ன முன்னிலையை டீசலில் ஒரு கியர் குறைத்து ஈடுகட்டிவிடலாம். ஒட்டோவில் கியர் லீவரை எஸ் இல் போட்டு இரண்டோ மூன்றோ என்று கையால் பிடித்து வைக்கலாம். ஏற்றத்தில் பெற்றோலுக்கு இருக்கும் குறையை எதாலும் ஈடுகட்டமுடியாது.

ஆனால் நான் கேட்கவேண்டியது வேறு. உங்கள் ட்ரெய்லரில் பிரேக் இருக்கிறதா?

லைட்செற்_கொட்டாஞ்சேனை:

எல்லாருக்கும் நன்றி, இரண்டு தரம் வாசித்தேன். டீச்சர், ஒயில் மாற்றி நாலு வருடம், உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு மூடியைத் திறந்தேன், தேயிலைச் சாயம் மாதிரிக் கறுத்திருக்கிறது. பாஸ், ட்ரெய்லரில் பிரேக் இல்லை. செய்து தந்தவர் தேவையில்லை என்றார், நானும் கேட்கவில்லை.

பஞ்சிகாவத்தை_பாஸ்:

அப்போ முதல் வேலை அதுதான், கெப் வாங்குவது அதற்குப் பிறகு. ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் 750 கிலோவுக்கு மேல் உள்ள ட்ரெய்லருக்குத் தனிப் பிரேக் இல்லாமல் றோட்டில் விடமாட்டார்கள். உங்களுடையது அதன் இரண்டு மடங்கு. உங்கள் பழைய கெப்பின் முன் டிஸ்க் இரண்டும் மற்ற எல்லாச் சில்லின் வேலையையும் தனியாகச் செய்திருக்கிறது, புகைக்காமல் என்ன செய்யும்.

இரண்டு வகை இருக்கிறது. ஒன்று ட்ரெய்லர் முன்னால் தள்ளும்போது கொக்கியில் இருக்கும் தண்டு உள்ளே அமுங்கித் தானாகப் பிரேக் பிடிப்பது, மலிவு, பராமரிப்பு குறைவு. ஆனால் நீண்ட இறக்கத்தில் நீங்கள் எஞ்சினால் பிடிக்கும்போது ட்ரெய்லர் இடைவிடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும், அதன் பிரேக்கும் இடைவிடாமல் உரசிச் சூடேறும். மற்றது மின்சாரப் பிரேக், ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், ட்ரெய்லருக்கு எவ்வளவு வேண்டும் என்று நீங்களே தீர்மானிக்கலாம். மலைக்கு அதுதான் என் தெரிவு, வயரிங் உங்களுக்கு வீட்டு வேலை மாதிரித்தானே. எதைப் போட்டாலும் வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி, சில்லுக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடவேண்டாம். ஒரு சில்லு மட்டும் கூடச் சுட்டால் அதில் பிழை இருக்கிறது.

ஹட்டன்_றோட்_லொறி:

பெடலில் காலை வைத்தபடி வராதீர்கள். வேகம் 35க்கு ஏறினால் ஒரு மிதி நன்றாக மிதித்து 25க்குக் கொண்டுவந்து காலை எடுங்கள், திரும்ப ஏற விடுங்கள். இடையில் டிஸ்க் மூச்சு விடும். பின்னால் வருகிறவன் ஹோன் அடித்தால் ஓரம் கொடுத்துப் போகவிடுங்கள்.

லைட்செற்_கொட்டாஞ்சேனை:

ஆறு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன், கேட்டவர்களுக்குச் சொல்லவேண்டும் அல்லவா.

டீசலைத்தான் எடுத்தேன். ட்ரெய்லருக்கு மின்சாரப் பிரேக் பூட்டி, கெப்புக்கு டொட் 4 மாற்றி, போன சனிக்கிழமை ஹட்டனில் ஒரு கலியாணம், அதே ஜெனரேட்டரோடு போய் வந்தோம். திரும்பும்போது கினிகத்தேனைச் சந்தி வருவதற்கு முன்னாலேயே எஸ் இல் போட்டு இரண்டில் வைத்தேன். எஞ்சின் சத்தம் முதலில் பயமாகத்தான் இருந்தது, மீற்றர் சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே நின்றது, வேகம் மீறவில்லை. கித்துல்கல வரை பிரேக்கை எத்தனை தரம் மிதிக்கிறேன் என்று பையன் எண்ணிக்கொண்டு வந்தான், 14 தரம். முன்னெல்லாம் எண்ணவே முடியாது, காலை எடுத்தால்தானே.

கித்துல்கலவில் நிறுத்தி ஆறு சில்லுக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தோம். ட்ரெய்லரின் வலது சில்லு மட்டும் இடதைவிடக் கொஞ்சம் சூடு. திங்கட்கிழமை பாஸின் கராஜுக்குக் கொண்டுவருகிறேன்.